வைத்திய உரிமை கபீலின் சட்டைப்பையில் இருக்கலாமா?

(வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோரும் அவர்தம் குடும்பத்தினரும் மட்டக்களப்பில் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டுத் தொழிலைப் பற்றிப் பேசும் மேடைகளில் சம்பளத்தைப் பற்றியும் முகவர்களின் மோசடியைப் பற்றியுமே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அவை பேசப்படவேண்டியவையே. எனினும் இன்று நாம் வேறொரு விடயத்தை உங்கள் முன் வைக்க வந்துள்ளோம். ஒரு மாதச் சம்பளம் தவறினால் அடுத்த மாதம் கேட்டுப் பெறலாம், வழக்காடியும் பெறலாம். உரிய நாளிற் கிடைக்காத வைத்தியத்தையோ எந்த நீதிமன்றத்தாலும் பின்னர் பெற்றுத்தர இயலாது. ஆகவே, அந்நிய நாட்டில் நம்மவர் நோயுற்றால் அவருக்கு வைத்தியம் செய்விக்கும் பொறுப்பு யாருடையது, அதற்குச் சட்டம் என்ன சொல்கின்றது, அந்தச் சட்டம் நம்மவர் கைக்கு எட்டாமல் இடையில் நிற்பது எது என்பவற்றை ஆராய்வோம்.

நம் நாட்டில் எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் அரசாங்க வைத்தியசாலையின் வாயிலில் ஒரு நோயாளி போய் நின்றால், 'உன் எசமானன் யார்? காப்புறுதி அட்டை எங்கே?' என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். கடல் கடந்து சென்ற முதல் நாளிலேயே அந்தப் பழக்கம் பயன்படாமற் போகின்றது என்பதைப் புறப்படும் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

யாருக்காக இந்தப் பரிசோதனை?

வளைகுடா நாடொன்றுக்குப் போகிறவரை முதலில் எங்கே அனுப்புகின்றார்கள்? வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார்கள். வளைகுடா நாடுகளின் சுகாதார சபை அங்கீகரித்த நிலையங்களில் இரத்தம் எடுக்கின்றார்கள். நெஞ்சைக் கதிர்ப்படம் பிடிக்கின்றார்கள். பெண்களுக்குக் கருப்பரிசோதனையும் செய்கின்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பின்னரும் பரிசோதனை உண்டு. காசநோயோ ஈரல் அழற்சிக் கிருமியோ கண்டால் திருப்பி அனுப்பிவிடுகின்றார்கள். இதற்கான செலவு பெரும்பாலும் போகிறவர் தலையிலேயே விழுகின்றது.

தம் நாட்டு மக்களின் சுகாதாரத்தை அந்நாடுகள் பேணுவதை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான். வேலைக்கு ஏற்ற உடல்தானா என்று இத்துணை நுணுக்கமாகப் பார்த்து ஏற்றுக்கொண்டவர்கள், அதே உடல் அந்த வேலையினாலேயே தளர்ந்துபோகும்போது அதே அக்கறையைக் காட்டவேண்டாமா?

சட்டப் புத்தகத்தில் உள்ளது

அங்கே சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சட்டம் உண்டு; நாளுக்கு நாள் வளர்ந்தும் வருகின்றது. சவூதி அரேபியா 1999 ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. தனியார் துறையில் வேலைசெய்யும் வெளிநாட்டவருக்கு வேலை கொடுப்பவரே தம் பணத்திற் காப்புறுதி எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. கட்டணம் செலுத்தத் தவறுவோரிடம் நிலுவையோடு தண்டமும் அறவிடலாம். அவர்கள் மேற்கொண்டு ஆட்களை வரவழைப்பதையும் தடுக்கலாம். குவைத்தும் அதே 1999 இல் வெளிநாட்டவருக்கான காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அபுதாபி 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தாலும், டுபாய் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தாலும் இதைக் கட்டாயமாக்கின. காப்புறுதிச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்திற் கழிக்கக்கூடாது என்பது டுபாய்ச் சட்டத்தின் நிலைப்பாடு. சார்ஜா, அஜ்மான் முதலிய ஏனைய ஐந்து எமிரேட்டுகளிலும் 2025 சனவரி 1 முதல், தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் காப்புறுதி எடுக்காமல் வதிவிட அனுமதியைப் பெறவோ புதுப்பிக்கவோ இயலாது. அங்கே அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம்.

நோய் விடுமுறைக்கும் விதி உண்டு. சவூதித் தொழிற் சட்டத்தின்படி ஓராண்டில் முதல் 30 நாட்களுக்கு முழுச் சம்பளம். அடுத்த 60 நாட்களுக்கு முக்காற் சம்பளம். அதன்மேல் 30 நாட்கள் சம்பளமற்ற விடுமுறை. கட்டாரில் மூன்று மாதச் சேவையின் பின்னர் இரண்டு வாரம் முழுச் சம்பளமும் நான்கு வாரம் அரைச் சம்பளமும் உண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் தகுதிகாண் காலம் முடிந்த பின் ஆண்டுக்கு 90 நாட்கள். அவற்றுள் 15 முழுச் சம்பளத்துடனும் 30 அரைச் சம்பளத்துடனும் கழியும்.

இவ்வளவும் நம்மவர் உரிமை. இதை அறியாமையினாலேயே நம் இளைஞர் பலர் காய்ச்சலோடு வெயிலில் நிற்கின்றனர். ஒருநாள் படுத்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுகின்றனர்.

ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். காப்புறுதி இருந்தும், வைத்தியரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி தம் கையிலிருந்து ஒரு பங்கு செலுத்தவேண்டும். சற்றுமுன் சொன்ன 320 திர்ஹம் திட்டத்தில் வெளிநோயாளி செலவில் நாலிலொரு பங்கைத் தாமே கொடுக்கவேண்டும். ஒரு தடவைக்கு அது 100 திர்ஹம் வரை போகலாம். எசமானர்க்கு ஓராண்டு முழுவதற்கும் 320. நோயாளிக்கு ஒரே தடவைக்கு 100 என்றால், கடன் அடைக்கப் போனவர் வைத்தியரை நாடுவாரா, கடையில் வலிமாத்திரை வாங்குவாரா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான்கு பேர் கணக்கு

இனி நம் சகோதரிகளின் நிலைக்கு வருவோம். வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் சவூதித் தொழிற் சட்டத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. அவர்களுக்கு வேறு விதிகள். 1999 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 2024 யூலை 1 முதல், வீட்டுப் பணியாளருக்கும் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அதனுள்ளே ஓர் எண் ஒளிந்திருக்கின்றது. ஒரு வீட்டுக்காரரின் பெயரிற் பதிந்த பணியாளர் தொகை நான்கைத் தாண்டினால் மட்டுமே அந்தக் கட்டாயம். சமையலாள், சாரதி, தோட்டக்காரன், பிள்ளை பார்ப்பவள் முதலிய ஐவரை வைத்திருக்கும் மாளிகைக்கு விதி பொருந்தும். நம் ஊர்களிலிருந்து போகும் பெண்ணோ எத்தகைய வீட்டுக்குப் போகின்றாள்? தான் ஒருத்தியாக, மிஞ்சினால் இன்னொருத்தியோடு, இரவு பகலாகப் பாடுபடும் வீட்டுக்கு. அந்த வீட்டு எசமானரை இவ்விதி தொடவே இல்லை.

கிழக்குக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த தாயொருவரின் கோவை நம்மிடம் வந்தது. இரு பணிப்பெண்கள் உள்ள வீட்டில் அவர் வேலை செய்தார். வயிற்றில் வலி கண்டது. மூன்று வாரங்களாகக் கிடைத்தது வலிமாத்திரை மட்டுமே. வைத்தியரிடம் கூட்டிச்செல்லுமாறு கேட்டபோதெல்லாம் 'பெருநாள் முடியட்டும்' என்ற பதிலே வந்தது. நான்காவது வாரம் அவர் வீட்டை விட்டு வெளியேறி நம் தூதரகத்தை அடைந்தார். அன்றைக்கே அவர்மீது 'ஹுரூப்' முறைப்பாடு பதிவாயிற்று. அதாவது, ஓடிப்போனவர் என்று பெயர். பித்தப்பையில் கல் என்பது நாடு திரும்பிய பின்னரே தெரிந்தது. சத்திரசிகிச்சை நம் அரசாங்க வைத்தியசாலையில், ஒரு சதமும் கேட்காமல், நடந்தது. இன்று அவர் நலமாக இருக்கின்றார். ஆனால் ஒப்பந்தம் முடிய இருந்த பதினொரு மாதச் சம்பளம் போயிற்று. பயணத்துக்காகப் பட்ட கடன் நிற்கின்றது.

அந்தத் தாய் செய்த குற்றம் யாது? வைத்தியம் தேடியது. அதற்குக் கிடைத்த பெயர் ஓடுகாலி!

முடிச்சு எங்கே இருக்கின்றது?

இந்தக் கோவையில் வெளிப்படுவது ஓர் எசமானரின் கல்மனம் மாத்திரமா? அப்படியானால், நல்ல எசமானர் வாய்க்கவேண்டுமென்று தெய்வத்தை வேண்டிக்கொண்டு நாம் இருந்துவிடலாம். குறை அமைப்பிலே இருக்கின்றது. தொழிலாளியின் நுழைவு அனுமதி கபீலின் பெயரில். வதிவிட அனுமதியாகிய இகாமா கபீலின் பெயரில். காப்புறுதியும் அதே இகாமாவோடு கட்டப்பட்டுள்ளது. ஒன்று அறுந்தால் மூன்றும் அறும். வேலையை இழந்தவர் அதே மூச்சில் வைத்தியத்தையும் இழக்கின்றார். கொடுமை தாங்காமல் வெளியேறியவருக்கு வைத்தியம் மிகவும் வேண்டிய வேளையிலேதான் காப்புறுதி இல்லாமற் போகின்றது.

சீர்திருத்தம் அறவே வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2020 இல் கட்டார், எசமானரின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்தே சட்டம் செய்தது. 2021 இல் சவூதியும் தனியார் துறைத் தொழிலாளருக்கு வேலை மாறும் வழியை இலகுவாக்கியது. ஆனால் வீட்டுப் பணியாளரை அதற்கு வெளியே நிறுத்திவிட்டது. மிகவும் தனித்து நிற்பவர் யாரோ அவரே கடைசியாக நினைக்கப்படுகின்றார்.

காப்புறுதி என்பது தொழிலாளியைப் பின்தொடர்ந்து செல்லவேண்டிய ஒன்று. எசமானர் மாறினாலும், வழக்கு நடந்துகொண்டிருந்தாலும், தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் இருந்தாலும், அது அவரோடு இருத்தல் வேண்டும். கபீலின் சட்டைப்பையில் இருக்கும்வரை அதனை உரிமை என்று சட்டம் படித்த எவரும் ஒப்பமாட்டார்.

திரும்பி வந்த பின் வரும் நோய்

இன்னொரு நோய் உண்டு. அது அங்கே விதைக்கப்பட்டு இங்கே முளைப்பது. கொளுத்தும் வெயிலில், போதிய நீரின்றி, ஆண்டுக்கணக்காக உழைப்பவரின் சிறுநீரகம் சத்தமின்றிப் பழுதடைகின்றது. வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்கள் இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவதை நேபாள நாட்டு வைத்தியர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றார்கள். 2021 இல் கட்டார், யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடங்கிப் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை செய்விக்கக்கூடாது என்று விதித்தது. தொழிலாளருக்கு ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனை செய்விக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. வெயில் கொல்லும் என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டது என்பதல்லவா இதன் பொருள்?

ஆனால் அனுமதி முடிந்து விமானம் ஏறியதும் காப்புறுதி முடிகின்றது. எசமானரின் பொறுப்பும் முடிகின்றது. சிறுநீரகத்தின் துன்பம் அப்போதுதான் தொடங்குகின்றது. உழைப்பின் பயன் அந்நாட்டின் கோபுரங்களில் நிற்கின்றது. நோயின் செலவு ஏழை நாட்டு அரசாங்க வைத்தியசாலையின் கணக்கில் ஏறுகின்றது. தொழிலாளர் அனுப்பும் பணத்தை எண்ணிப் பெருமைப்படும் அமைச்சர்கள் இந்தக் கணக்கையும் சற்று எண்ணட்டும்.

உலக நாடுகளின் உடன்படிக்கை

1990 டிசெம்பர் 18 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, புலம்பெயர் தொழிலாளர் அனைவரினதும் அவர்தம் குடும்பத்தினரதும் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அது 2003 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 28 ஆம் உறுப்புரை கூறுவது யாது? உயிரைக் காக்கவோ, மீளாத உடற்கேட்டைத் தவிர்க்கவோ உடனடியாக வேண்டிய வைத்தியம், அந்நாட்டுப் பிரசைகளுக்குச் சமமாக, எல்லாப் புலம்பெயர் தொழிலாளருக்கும் உரியது. வதிவிடப் பத்திரம் ஒழுங்காக இல்லை என்ற காரணத்தால் அதை மறுக்கக்கூடாது. 'ஹுரூப்' என்று பெயர் சூட்டப்பட்டவருக்கும் இது பொருந்தும்.

இலங்கை 1996 இலேயே இதில் இணைந்துவிட்டது. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றேனும் இன்றுவரை இணையவில்லை. 'அவர்கள் இணையாதபோது நம்மால் என்ன செய்ய இயலும்?' என்று கேட்போருக்கு ஒன்றை நினைவூட்டுகின்றோம். 2020 மார்ச் 30 இல், கொரோனாத் தொற்றுப் பரவிய வேளையில், சவூதி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிரசைகளுக்கும், வதிவோருக்கும், வதிவிட விதியை மீறித் தங்கியிருப்போருக்கும் அந்நோய்க்கு இலவச வைத்தியம் என்பதே அந்த ஆணை. பத்திரம் கேட்காமல் வைத்தியம் செய்ய அந்த அரசால் இயலும் என்பது அன்றைக்கு உலகறிய நிறுவப்பட்டது. தொழிலாளியின் நோய் மற்றவரையும் தொற்றும் என்றபோது திறந்த கதவு, அவரை மட்டும் வருத்தும் நோய்க்கும் திறக்கவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

நம் அரசாங்கத்தின் கடமை

அந்நியரைக் கேட்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. அதில் பதிவு செய்து செல்வோருக்கு ஒரு காப்புறுதி உண்டு. பதிவின்றிச் சுற்றுலா அனுமதியில் செல்வோருக்கு அதுவும் இல்லை. 'பதிவுக் கட்டணம் மிச்சம்' என்று உபமுகவர் காட்டும் ஆசைக்கு இணங்குகிறவர், தம் பாதுகாப்பையே விற்றுவிடுகின்றார். 2013 இல் நம் அரசாங்கம் புலம்பெயர்வோர் சுகாதாரத்துக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. கொள்கை ஏட்டில் உள்ளது. அது கிராமத்துக்கு வந்து சேரவேண்டும்.

அயலில் உள்ள இந்தியாவைப் பாருங்கள். குடியகல்வு அனுமதி தேவைப்படும் தொழிலாளர்க்கு 2003 முதல் கட்டாயக் காப்புறுதித் திட்டம் உண்டு. 2017 இல் திருத்தப்பட்டபடி, இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபா கட்டணத்தில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 இலட்சம் இந்திய ரூபா வரை ஈடு கிடைக்கின்றது. பெருஞ்செலவில்லாமலே இது இயலுமென்பதற்கு அதுவே சான்று.

மற்றொன்று மொழி. நோயாளியின் முதல் மருந்து தன் நோவைத் தன் மொழியிற் சொல்லக்கூடிய வாய்ப்பு. எங்கே வலி, எத்தனை நாள், எப்படிப்பட்ட வலி என்பதை அரபியிலும் ஆங்கிலத்திலும் சொல்ல இயலாத ஒரு தாய், தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அங்கேயாவது தமிழில் ஒரு குரல் கேட்கவேண்டாமா? தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை 1987 இலிருந்து கூறுகின்றது. தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் மொழியில், இயன்றவரை, தகவல் கொடுக்கவேண்டும் என்று முன்சொன்ன உடன்படிக்கையின் 33 ஆம் உறுப்புரையும் கூறுகின்றது. நாம் புதிய சலுகை எதுவும் கேட்கவில்லை. எழுதி ஒப்பமிட்டதை நிறைவேற்றக் கேட்கின்றோம்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

போகிறவர்கள் இப்போதே செய்யவேண்டியவை சில உண்டு. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிக்கொள்ளாமல் ஒப்பமிடாதீர்கள். காப்புறுதி எந்தக் கம்பனியுடையது, ஆண்டுக்கு எவ்வளவு வரை, ஒவ்வொரு முறையும் நம் கைப்பணம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை முகவரிடம் கேளுங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரின் துண்டை ஆங்கிலத்தில் எழுதுவித்து எடுத்துச் செல்லுங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலிமாத்திரைகள், சிறப்பாகக் கொடீன், ட்ரமடோல் கலந்தவை, அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அனுமதியின்றி அவற்றைக் கொண்டுபோனவர்கள் சிறையும் கண்டிருக்கின்றார்கள்.

சென்ற பின்னர், 'அட்டை என்னிடம் இருக்கின்றது' என்று எசமானர் சொல்வதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். சவூதியில் இகாமா இலக்கத்தைக் கொண்டு காப்புறுதி உண்டா, எப்போது முடிகின்றது என்பதை அந்நாட்டுச் சுகாதாரக் காப்புறுதிச் சபையின் இணையத்தளத்திற் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியுள்ள பிள்ளைகள் இங்கிருந்தே தாய்க்குப் பார்த்துச் சொல்லலாம். அந்த இலக்கத்தின் பிரதியொன்று வீட்டிலும் இருக்கட்டும். வேலைத்தலத்தில் அடிபட்டால், 'வேலையில் ஏற்பட்ட காயம்' என்று வைத்தியசாலை ஏட்டிற் பதிவாகச் செய்யுங்கள். 'வீட்டில் விழுந்தேன்' என்று எசமானர் சொல்லித் தந்தபடி சொன்னால் நட்டஈடு போய்விடும். வைத்திய அறிக்கை, மருந்துச் சீட்டு, பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். நோயோடு நாடு திரும்பும் வேளையில் 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்ற பத்திரத்தில், அதன் பொருள் விளங்காமல், ஒப்பமிடாதீர்கள். கடதாசி இல்லாத வழக்கை நடத்துவது எத்துணை வல்ல சட்டத்தரணிக்கும் கடினம்.

நமது கோரிக்கை

தோழர்களே! தனியொருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் கூட்டமாக நின்று கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, வளைகுடா நாடுகளோடு அரசாங்கம் செய்துகொள்ளும் தொழிலாளர் உடன்பாடு ஒவ்வொன்றிலும், வீட்டிற் பணியாளர் ஒருவரே ஆயினும் அவருக்கும் காப்புறுதி கட்டாயம் என்றும், வேலை மாறும் காலத்திலும் வழக்கு நடக்கும் காலத்திலும் அது நீடிக்கும் என்றும் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, பணியகத்தின் காப்புறுதி, நாடு திரும்பிய பின் வெளிப்படும் தொழில் நோய்களையும் தாங்கவேண்டும். திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும் சிறுநீரகப் பரிசோதனை செய்து கொடுக்கவேண்டும். மூன்றாவது, தொழிலாளர் விவகாரம் பார்க்கும் ஒவ்வொரு தூதரகத்திலும் தமிழறிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும்.

இவற்றை விண்ணப்பமாக எழுதி, கிராமந்தோறும் கையொப்பம் பெற்று, நம் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் நேரிற் கையளிக்க நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். தேர்தற் காலத்தில் நம் வீட்டுப் படலையைத் தட்டுவோர், நம் பெண்கள் அந்நிய நாட்டில் நோயிற் கிடக்கும்போது எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று கேட்கும் துணிவு நமக்கு வரவேண்டும். இந்தக் கூட்டம் கலையுமுன், வீட்டுக்கொருவர் முன்வந்து உங்கள் பெயரையும், வெளிநாட்டிலுள்ள உங்கள் உறவினரின் காப்புறுதி விபரத்தையும் பதிந்து செல்லுமாறு வேண்டிக்கொள்கின்றோம். அந்தப் பதிவேடே நமது முதல் ஆயுதம்.